அளந்த பிள்ளைக்கு என்ன பரிசு?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சொக்கோரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் 'லீனியர்' என்றொரு வானாய்வுத் திட்டம் 1998இலிருந்து வேலை செய்தது. பூமிக்குக் கிட்ட வரும் சிறுகோள்களைத் தேடுவதற்காகத் தொடங்கியது. தேடிய வழியில் வேறு சிறுகோள்களும் ஏராளமாக அகப்பட்டன. கண்டுபிடித்தவருக்குப் பெயர் முன்மொழியும் உரிமை உண்டு. திட்டத்தை நடத்திய எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் அந்த உரிமையைப் பாடசாலைப் பிள்ளைகளுக்காகப் பயன்படுத்தியது. சர்வதேச விஞ்ஞான, பொறியியல் கண்காட்சியில் முதலாம், இரண்டாம் இடம் பெற்ற மாணவர்களின் பெயர்கள் சிறுகோள்களுக்குப் போயின. அவர்களுக்கு வழிகாட்டிய ஆசிரியர்களின் பெயர்களும் போயின. 'சீரிஸ் கனெக்‌ஷன்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர்.

இலங்கையிலிருந்தும் பிள்ளைகள் அந்தக் கண்காட்சிக்குப் போகிறார்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் நடத்தும் தேசியக் கண்காட்சியில் வென்றவர்களுக்கு அந்த வழி திறக்கிறது. மட்டக்களப்பில் ஒரு பிள்ளை செயற்றிட்டம் தொடங்கும்போது இந்த வழி இருப்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லவேண்டியது நாங்கள்தான்.

*

சிறுகோளுக்குப் பெயர் வைக்கும் முறையில் ஒரு ஒழுங்கு உண்டு. கண்டவுடன் ஒரு தற்காலிகக் குறியீடு மட்டும் கொடுப்பார்கள். பிறகு பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப அவதானித்து, அது சுற்றும் பாதையை உறுதிப்படுத்துவார்கள். பாதை உறுதியான பிறகு எண். எண் வந்த பிறகே பெயர். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையின் காவலூரிலிருந்து 1988இல் கண்டுபிடித்த சிறுகோள் இப்படித்தான் 4130 ராமானுஜன் ஆனது.

சரியாக அளக்கப்பட்டதற்கே பெயர் என்ற இந்த ஒழுங்கைப் பாடசாலைக் கண்காட்சி மண்டபத்துக்குள்ளும் கொண்டுவரவேண்டும். இந்தக் குறிப்புகளில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

*

எங்கள் பக்கத்து விஞ்ஞானக் கண்காட்சிகளில் கூட்டம் நிற்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றிப் பொங்கவைக்கும் எரிமலை. ரெஜிபோமில் வெட்டிய சூரியக் குடும்பம். பல்ப் எரியும் காற்றாலை. அவற்றைச் செய்த கைகளுக்கு நல்ல திறமை இருக்கிறது, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த எரிமலை எப்படிப் பொங்கும் என்று செய்வதற்கு முதலே தெரியும். விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, அளந்து, பிறிஸ்டல் போர்ட்டில் ஒரு வரைபை மட்டும் ஒட்டிவைத்திருக்கும் பிள்ளை மண்டபத்தின் ஓரத்தில் நிற்கும். நடுவர்கள் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. அந்த வரைபுக்குப் பின்னால் ஒரு கொப்பி இருக்கும். அந்தக் கொப்பியை வாங்கி வாசிக்கத் தெரிந்தவர்கள் ஓர் அவதான நிலையத்தில் இருப்பவர்கள். அவர்களுடைய தினசரி வேலையே அதுதான்.

*

மட்டக்களப்பில் இருப்பது வானிலை அவதான நிலையம், வளிமண்டலவியல் திணைக்களத்தினுடையது. அந்தத் திணைக்களத்தின் வேர் 1907இல் கொழும்பில் கட்டிய அவதான நிலையத்தில் இருக்கிறது. நட்சத்திரமும் நேரமும் மழையும் காற்றும் அங்கே ஒரே கூரையின் கீழ் பார்க்கப்பட்டன. 1948இல் அது தனித் திணைக்களமாயிற்று.

நாடு முழுவதும் நாள்மழையைக் காலை 8.30க்கு அளக்கிறார்கள். உலகப் பொது நேரத்தில் அது அதிகாலை 3 மணி. மற்ற நாடுகளின் நிலையங்களும் தங்கள் கருவிகளைப் பார்க்கும் நேரம். 8.30க்கு எங்கள் பாடசாலைகளில் பாடம் நடந்துகொண்டிருக்கும். ஒரு பிள்ளை எழுந்து போய் மழைமானியைப் பார்த்துவிட்டு வர ஐந்து நிமிடம் போதும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். பக்கம் நேராக இருக்கும் போத்தலும் அதே வாயகலமுள்ள புனலும் இருந்தால் மழைமானி செய்யலாம்.

சிக்கல் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் யார் பார்ப்பது? இதைத் தீர்த்துவைத்த வகுப்பு விஞ்ஞானத்தின் பாதியைக் கற்றுவிட்டது என்பேன். வீடு கிட்ட இருக்கும் பிள்ளை வரலாம், காவலாளி ஐயாவிடம் ஒப்படைக்கலாம். எதுவும் முடியாவிட்டால் திங்கட்கிழமை அளந்ததை மூன்று நாளின் கூட்டுத்தொகை என்று தெளிவாக எழுதிவைக்கலாம். மூன்றால் வகுத்து மூன்று நாளுக்கும் பங்குபோட்டு எழுதக்கூடாது.

*

எங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் வாடைக்காற்றோடு வந்துவிடும். 1978 நவம்பர் 23 சூறாவளியை இங்கே வயதானவர்கள் இன்னும் நாள் சொல்லிப் பேசுகிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தை இப்போது இருபது தாண்டியவர்கள் சிறுவர்களாகப் பார்த்தவர்கள். எவ்வளவு மழை என்று கேட்டால் எல்லோரும் கையை உயர்த்தி மதிலில் ஒரு மட்டத்தைக் காட்டுவார்கள். அந்த மட்டமும் ஓர் அளவுதான். வெள்ளம் நின்ற உயரத்தை ஊரிலுள்ள மதில்களிலும் கோயில் படிகளிலும் தேடி, அதைப் பார்த்த மூத்தவர்களிடம் கேட்டு, நிலவரைபடத்தில் குறித்துக்கொண்டுவந்தால் அது பரிசுக்குரிய செயற்றிட்டம். நாளைக்கு வீதி உயர்த்துகிறவனுக்கும் மதகு கட்டுகிறவனுக்கும் தேவைப்படும். அந்த மூத்தவர்கள் இருக்கும்போதே செய்யவேண்டும்.

*

வாவி.

மட்டக்களப்பு வாவி ஐம்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஆழம் அதிகம் இல்லை. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. மாரியில் முகத்துவாரத்தின் மணற்றிட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும், பிறகு கடல்நீர் உள்ளே வரும், அதோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வரும். எப்போது வெட்டுவது என்பது ஒவ்வோர் ஆண்டும் பேச்சுக்கு வரும் விடயம். படுவான்கரை வயல்காரருக்குத் தண்ணீர் சீக்கிரம் இறங்கவேண்டும். மீன்பிடிக்கிறவர்களுக்கு வேறு கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது.

இந்தப் பேச்சுக்குள் ஒரு பாடசாலை கொண்டுவரக்கூடியது எண்கள். இரு கரையிலும் ஒவ்வொரு பாடசாலை. ஒவ்வொன்றின் துறையிலும் சென்ரிமீற்றர் குறித்த ஒரு கம்பு, நீர்மட்டம் பார்க்க. அடியில் களிமண் அடைத்த குழல் ஒன்று, உவர் பார்க்க. கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு. நன்னீரில் குழல் ஆழ்ந்து நிற்கும், உவர்நீரில் உயர்ந்து மிதக்கும். உப்பை நிறுத்துக் கரைத்த தண்ணீரில் வைத்துக் குழலுக்குக் கோடு போட்டுக்கொள்ளலாம். முகத்துவாரம் வெட்டுவதற்கு முதல் இரண்டு கிழமை, வெட்டிய பின் இரண்டு கிழமை அளந்தால், வாவி எந்த வேகத்தில் இறங்கியது, உப்பு எத்தனை நாளில் எந்தத் துறைவரை ஏறியது என்று ஒரு வரைபு கிடைக்கும். இரண்டு கரைப் பிள்ளைகளும் ஒரே கொப்பியில் எழுதியதாக அது இருக்கும். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ளவர்கள் அந்த வரைபை எடுத்துப் பார்க்கவேண்டும்.

*

பாடும் மீன்.

வாவிக்குள்ளிருந்து இரவில் எழும் இந்த இசையைப் பற்றி ஊருக்கு வெளியே கதையாகச் சொல்வார்கள். எங்களுக்கு இது தீராத விஞ்ஞானக் கேள்வி. எமர்சன் ரெனற் என்ற பிரித்தானிய அதிகாரி 1848 செப்டம்பரில் இங்கே வந்து இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்தார். ஊரி என்ற நத்தையினத்திலிருந்து வரும் சத்தம் என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் இயேசுசபைத் துறவிகளான லாங் அடிகளாரும் மொறன் அடிகளாரும் அந்த ஒலியைப் பதிவுசெய்தார்கள். பிறகு அது வானொலியிலும் ஒலித்தது. ஊரியா, மீனா, எந்த மீன் என்ற கேள்வி இன்னும் திறந்து கிடக்கிறது.

கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பார்கள். ஏன் துடுப்பு? நீருக்குள் இருக்கும் ஒலி காற்றுக்குள் ஏறுவது மிகக் கடினம். மேற்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும், ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். மரம் அந்த இடைவெளியைக் கடத்திவிடுகிறது. எங்கள் மீனவர்கள் ஒலியியல் பாடம் படிக்காமலே சரியான கருவியைக் கண்டிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூலிலும் இருக்காது.

*

பாடும் மீனைப் பற்றி ஒரு பிள்ளை செய்யக்கூடிய பரிசோதனை.

பௌர்ணமி இரவில்தான் பாடும் என்கிறோம். ஆகவே பௌர்ணமி இரவில்தான் கேட்கப் போகிறோம். அமாவாசையில் போனவர் எத்தனை பேர்? போகாத இரவில் பாடவில்லை என்று எப்படிச் சொல்லமுடியும்? பௌர்ணமி, அமாவாசை, இரண்டு எட்டாம்பிறை என்று மாதத்துக்கு நான்கு இரவு, ஒரே இடம், ஒரே நேரம், ஒரே அளவு நிமிடம் பதிவுசெய்து பார்க்கவேண்டும். காற்று எப்படி, மழை பெய்ததா, உவர் எவ்வளவு, எத்தனை இயந்திரத் தோணி ஓடியது என்றும் பக்கத்தில் எழுதவேண்டும். நிலவு வெளிச்சத்தில் விளக்கு வைத்துப் பிடிக்கும் தொழில் குறைந்துவிடும் என்பதால் அன்றைக்கு வாவியில் இயந்திரச் சத்தமும் குறைவாக இருக்கலாம். மீன் நிலவுக்குப் பாடுகிறதா, அல்லது நிலவில்தான் எங்கள் காதுக்கு எட்டுகிறதா? இரண்டும் வேறு வேறு விடை. பிரித்தறிய ஒரு பதிவேடு வேண்டும்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. ஒலியெழுப்பிகளுக்குள் இருக்கும் வட்டமான பியசோ தகடு ஒன்று, தண்ணீர் புகாமல் மூட எப்பொக்சிப் பசை, ஒரு நீள வயர், பழைய கைத்தொலைபேசி. தாழ்ந்த சுருதி ஒலிகளைச் சில கைத்தொலைபேசிகள் வடிகட்டிவிடும் என்பதால், தெரிந்த அதிர்வெண் ஒன்றை வாளித் தண்ணீருக்குள் ஒலிக்கவிட்டு முதலில் சரிபார்க்கவேண்டும். இரவுக்குப் போகும்போது தகப்பனோ மாமாவோ கூட வரவேண்டும், உயிர்காப்பு அங்கி வேண்டும். அதையும் செயற்றிட்ட அறிக்கையில் ஒரு பகுதியாக எழுதச்சொல்லலாம்.

*

இதே மாதிரி ஒரு கேள்வி வேறு ஊரில் தீர்ந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ குடாவில் சோசலிற்றோ என்ற இடத்தில் படகுவீடுகளில் இருந்தவர்களுக்கு 1980களில் கோடை இரவு முழுதும் ஒரு ரீங்காரம் கேட்டது. கழிவுநீர்ப் பம்பி, மின்கேபிள், நீர்மூழ்கி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். கடைசியில் அது மிட்ஷிப்மன் என்ற மீனின் ஆண், கூட்டுக்குப் பெண்ணை அழைக்கும் சத்தம் என்று கண்டார்கள். விநாடிக்கு ஏறத்தாழ நூறு அதிர்வு. அந்த மீன் இங்கே இல்லை. அந்த வழி இங்கேயும் செல்லும்: முதலில் சத்தத்தைப் பதிந்து அதிர்வெண் பார், பிறகு அந்தச் சத்தம் போடும் உயிரைத் தேடு.

*

விபுலாநந்த அடிகளை நாங்கள் தமிழ்ப் பேராசிரியராகவும் துறவியாகவும் கொண்டாடுகிறோம். காரைதீவில் 1892இல் பிறந்த அவர் விஞ்ஞான ஆசிரியர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த யாழ்நூலில் நரம்பின் நீளமும் சுருதியின் விகிதமும் எண்ணும் கணக்குமாக வருகின்றன. அழிந்துபோன ஒரு கருவியை ஒலியியலால் மீட்க முயன்ற நூல் அது. வாவியில் எழும் இசையையும் அவர் அந்நூலில் நீரரமகளிர் பாடுவதாகப் பாடிவைத்தார். அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலயம் கல்லடி உப்போடையில், அந்த ஒலி கேட்கும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அவருடைய சமாதியும் அங்கேதான்.

பாட்டையும் அளவையையும் ஒரே மனம் தாங்கியது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். விஞ்ஞானப் பிரிவா கலைப் பிரிவா என்று உயர்தரத்தில் பிரிக்கிற வயதுக்கு முதலே சொல்லவேண்டும்.

*

வானத்தைப் பார்க்கும் செயற்றிட்டத்துக்குத் தொலைநோக்கி கட்டாயமில்லை. மொரட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தில் ஜப்பான் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. மட்டக்களப்புப் பிள்ளைக்கு அது ஓர் இரவு ரயில் தூரம். நேராக நட்ட ஒரு தடி வீட்டு முற்றத்திலேயே இருக்கும்.

மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7.7 பாகையில் இருக்கிறது. ஆகவே சூரியன் ஆண்டில் இரண்டு தரம் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும்: ஏப்ரல் 9, 10 அளவிலும் செப்டம்பர் 2, 3 அளவிலும். அன்றைக்கு நண்பகலில் தடிக்கு நிழல் இராது. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்துவிடும். செப்டம்பர் தொடக்கம் எங்களுக்குக் காய்ந்த காலம், மேகம் குறைவு. அதைப் பிடிக்கவேண்டும்.

அதே நாள் அதே நண்பகலில் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை தடியின் நிழலை அளந்தால் ஏறக்குறைய 1.95 பாகை சாய்வு வரும். இரண்டு ஊருக்கும் தென்வடலாக உள்ள தூரம் சுமார் 215 கிலோமீற்றர். 360ஐ 1.95ஆல் வகுத்து 215ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வந்து நிற்கும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் எரதொஸ்தெனிஸ் எகிப்தில் செய்த கணக்கு. ஒரு மீற்றர் தடிக்கு நிழல் மூன்றரைச் சென்ரிமீற்றர்கூட இராது. ஒரு மில்லிமீற்றர் பிசகினால் விடையில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஆடும். எவ்வளவு ஆடும் என்று கணக்குப்போட்டு எழுதிய பிள்ளைக்கு, சரியான விடையை மட்டும் எழுதிய பிள்ளையைவிடக் கூடப் புள்ளி போடவேண்டும்.

*

ராதா கோபிந்த சந்திரா. வங்காளத்தின் ஜெசூரில் திறைசேரியில் சாதாரண உத்தியோகம் பார்த்தவர். பாடசாலைப் படிப்பிலேயே தேறாதவர். ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை இரவு இரவாகப் பார்த்து, ஹார்வர்ட் அவதான நிலையத்தோடு சேர்ந்து இயங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் அவதானிகள் சங்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1919இலிருந்து 1954 வரை 37,000க்கும் மேற்பட்ட அவதானங்கள். 1920களில் சங்கம் அவருக்கு அனுப்பியது ஒரு ஆறு அங்குலத் தொலைநோக்கி, இன்னும் பாருங்கள் என்று.

அவருக்கு வயதானபோது அந்தத் தொலைநோக்கி வைணு பாப்புவிடம் போனது, அவர் வழியாகக் காவலூருக்குப் போனது. சென்னையில் பிறந்த பாப்பு, ஹைதராபாத்தில் மாணவராக இருந்தபோதே மாறொளி விண்மீன்களைப் பார்த்துக் கட்டுரை வெளியிட்டவர். ஹார்வர்டில் மாணவராக இருந்த 1949இல் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். பசிபிக் வானியல் சங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. இன்று காவலூரில் உள்ள 2.34 மீற்றர் தொலைநோக்கி அவர் பெயரில் நிற்கிறது.

அந்த ஆறு அங்குலக் கண்ணாடி கைமாறிய வழியைப் பாருங்கள். அவதானித்தவருக்குக் கிடைத்த பரிசு அடுத்த அவதானத்துக்கான கருவி. அவர் முடித்தபோது அது இன்னோர் அவதானியிடம் போனது. கேடயங்கள் அலுமாரிக்குள் போகின்றன, கருவி வேலைக்குப் போகிறது.

*

எங்கள் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்களும் இந்த வரிசையில் உண்டு. யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதமும் வானியலும் கற்பித்த ஆலன் ஏபிரகாம் ஹேலி வால்வெள்ளியைப் பற்றிய ஆய்வால் அறியப்பட்டு, இலண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். வட்டுக்கோட்டையில் ஒரு வகுப்பறையில் நின்றவரை இலண்டன் வாசித்தது, அவர் எழுதி அனுப்பியதால்.

*

நடுவர் மேசையில் நான் கேட்க ஆசைப்படும் பேச்சு இப்படி இருக்கும்:

"எத்தனை நாள் அளந்தாய் மனே?"

"ஒரு மாசம் சேர். இடையில ரெண்டு நாள் விட்டுப்போச்சு."

"ஏன் விட்டுப்போச்சு?"

"அம்மம்மாக்குச் சுகமில்ல, வவுணதீவுக்குப் போயிட்டம்."

"மறுகா அந்த ரெண்டு நாளுக்கும் என்ன எழுதினாய்?"

"ஒண்டும் எழுதல்ல சேர். வெறுமையா விட்டிருக்கன்."

அந்த வெற்றுக் கட்டங்கள் இரண்டுக்காகவும் அந்தப் பிள்ளைக்குப் புள்ளி போடவேண்டும். வரைபு அழகாக வரவேண்டும் என்று அந்தக் கட்டங்களை நிரப்பச்சொல்லும் பெரியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது நாங்கள் பிள்ளைக்குக் கற்பிப்பது பொய்.

*

அமெரிக்காவில் 1994இல் அறிவித்த குளோப் திட்டத்தில் பல நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் மழையும் வெப்பமும் முகிலும் அளந்து பொதுத் தரவுக்களஞ்சியத்தில் சேர்க்கிறார்கள். ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளையின் அளவு பயிற்சிக்கொப்பியோடு முடிந்துபோவதில்லை. முறை ஒன்றாக இருந்தால், நேரம் ஒன்றாக இருந்தால், பதிமூன்று வயதுக் கை எழுதிய 12 மில்லிமீற்றரும் அதிகாரி எழுதிய 12 மில்லிமீற்றரும் ஒரே 12தான்.

*

ஆகவே, மட்டக்களப்பு வலயத்துக் கண்காட்சி ஒன்றில் ஓர் அவதான நிலையம் பரிசு கொடுக்க முன்வந்தால், இப்படிக் கொடுக்கச் சொல்வேன்.

ஒன்று: செயற்றிட்டத்தோடு மூலக் கொப்பியும் வரவேண்டும். அடித்துத் திருத்திய இடங்கள் அப்படியே இருக்கவேண்டும். பார்த்தெழுதிய சுத்தப் பிரதி ஏற்கப்படாது.

இரண்டு: நடுவர்களில் ஒருவராவது தினமும் கருவி பார்த்துக் குறிப்பெழுதும் உத்தியோகத்தராக இருக்கவேண்டும்.

மூன்று: பரிசு கருவியாக இருக்கவேண்டும். நல்ல மழைமானி, உவர்மானி, இரட்டைக்கண் தொலைநோக்கி. பாடசாலைக்குச் சொந்தம், வென்ற பிள்ளை பொறுப்பு. சாதாரண தரம் முடித்துப் போகும்போது அடுத்த பிள்ளையிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வைக்கவேண்டும்.

நான்கு: ஆசிரியரின் பெயரும் சான்றிதழில் வரவேண்டும்.

ஐந்து: சான்றிதழில் வாழ்த்தோடு இன்னொரு வரியும் வேண்டும். "உங்கள் அளவுகளைப் பரிசீலித்தோம், எங்கள் பதிவில் சேர்த்துக்கொண்டோம்." சேர்க்க முடியாவிட்டால் ஏன் முடியவில்லை, எதைத் திருத்தினால் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். வெல்லாத பிள்ளைக்கும் அந்தக் கடிதம் போகவேண்டும்.

இதில் பெரும்பகுதிக்குக் காசு தேவையில்லை. பிள்ளையின் கொப்பியை வாசிக்க ஒரு பெரியவரின் அரை நாள் தேவை. வாடைமழை தொடங்குவதற்கு முன்னர், ஒக்டோபர் முடிவதற்குள், இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு விஞ்ஞான ஆசிரியரும் வகுப்புக்கு ஒரு போத்தலையும் ஒரு கொப்பியையும் வைத்துவிட்டால், ஜனவரியில் கண்காட்சிக்கு வேண்டியது கையில் இருக்கும்.